நொட்டாங்கை நிப்பு

மத்தியானம் இரண்டேகால் மணி. பேனாக் கடைகள் இருக்கிற சந்து. முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை…

இவ்வளவுதான் சொன்னேன். ஃபோர்க்லிஃப்ட் சிரித்துவிட்டான்.

"பேய்க் கதைன்னு கூப்பிட்டு உட்கார வெச்சுட்டு மத்தியானமா? உன் பேய் என்னடா, சாப்பிட்டுட்டு ஒரு குட்டித் தூக்கம் போடுற பேயா?"

"எட்டு வருஷமா ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவனுக்கு ராத்திரிதான்டா பகல். உன்னை ராத்திரியில யார் பயமுறுத்த முடியும்? உனக்கெல்லாம் பகல்லதான் வரும். வாயை மூடிட்டுக் கேளு."

நாங்கள் நான்கு பேர். என்னுடைய அறை. ஒரே ஒரு பல்பு. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் டக்… டக்… என்று ஒருமுறை அடித்துக்கொள்ளும். ஃபோர்க்லிஃப்ட், பெயருக்கு ஏற்ற வேலை: கம்பெனியில் பாரம் தூக்குகிற அந்த வண்டியைத்தான் ஓட்டுகிறான். அவனுக்குப் பக்கத்தில் தாத்தா. முப்பத்திரண்டு வயதுதான், தலை மொத்தமும் வெளுத்துவிட்டதால் தாத்தா. சுவரோரமாகக் கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் கேண்டீன். எங்கள் எல்லோருக்கும் ராத்திரி டீ போட்டுக் கொடுப்பவன். நானும் அதே கம்பெனியில்தான் இருந்தேன். நாலு வாரத்துக்கு முன்னால் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறார். ஃபோர்க்லிஃப்டுக்கும் தாத்தாவுக்கும் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். டைப் அடித்த தாள். 'அன்று இரவு மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் கார்டு இருந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன்.' அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு. இன்ஸ்பெக்டர் முன்னால் போட வேண்டும்.

"போட்டுட்டியா?" என்று வந்ததும் கேட்டேன்.

ஃபோர்க்லிஃப்ட் சட்டைப்பைப் பட்டனைக் கழற்றித் தாளை எடுத்து விரித்துக் காட்டினான். கோட்டுக்கு மேல் வெறும் வெள்ளை. "இன்னும் போடல. நாளைக்குப் போடுவேன். எனக்கு ரெண்டு பொண்ணுங்க. உன்னை மாதிரி ஒண்டிக்கட்டையா?" என்று மடித்து உள்ளே வைத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டான். தாத்தாவும் தன் தாளைக் காட்டிவிட்டு வைத்துக்கொண்டான். அதுவும் வெள்ளை.

எனக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன். கத்தினால் எழுந்து போய்விடுவார்கள். அதனால்தான் கதை.

நொட்டாங்கை அண்ணனை இவர்கள் மூன்று பேருக்கும் தெரியும், கதை படிக்கிற உங்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். மூன்றாம் நம்பர் பிரஸ் அவருடையது. தகட்டை உள்ளே தள்ளி வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி அடிக்கும். அதன் வாய்க்கு முன்னால் ஒரு கம்பிவலைக் கதவு இருக்கும். அதுதான் கார்டு. கதவு மூடினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே இருந்தால் இறங்காது. ஒரு தகட்டுக்கு நாலு நொடி கூட ஆகும், அவ்வளவுதான். அந்த நாலு நொடி மேனேஜருக்கு உறுத்தியது. கார்டைக் கழற்றச் சொன்னார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி. எந்நேரமும் சட்டையில் ஒரு மடிப்பு இருக்காது. மனசாட்சியையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார் போலிருக்கிறது.

அண்ணன் எல்லா வேலையையும் இடது கையால் செய்வார். எழுதுவதும் அப்படித்தான், மைப் பேனாவால். ஷிப்ட் முடிந்ததும் ரிஜிஸ்தரில் எழுதுவார். இடது கை, எழுதி முடித்த ஈர எழுத்தின் மேலேயே நகர்ந்து போகும். அதனால் அவர் எழுதிய ஒவ்வொரு வரியின் மேலும் நீலமாக ஓர் இழுப்பு இருக்கும். உள்ளங்கையின் வெளி ஓரம் எப்போதும் நீலம். "அண்ணே, கையில பச்சை குத்தியிருக்கீங்களா?" என்று கேலி செய்வோம். "வேலை செஞ்ச கைடா, உனக்கு அடையாளம் தெரியாது" என்பார்.

கார்டைக் கழற்றிய பிறகு மூன்று இரவுகள் ரிஜிஸ்தரில் எழுதினார். மூன்று இரவும் ஒரே வரி. 'கார்டு இல்லை. சொல்லியாயிற்று.'

நாலாவது இரவு, மூன்று மணி இருபது நிமிடம். தகடு சிக்கியது. எடுக்கப் போனார்.

அதற்கு மேல் சொல்ல மாட்டேன். சத்தம் இவர்களுக்கும் தெரியும். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட அண்ணன் தாங்கவில்லை. கம்பெனியில் முக்கால் மணி நேரத்தில் தரையைக் கழுவிவிட்டு மிஷினை ஓட்டச் சொன்னார்கள். இவர்கள் ஓட்டினார்கள். நான் வெளியே வந்துவிட்டேன். வீரம் எல்லாம் இல்லை. குமட்டியது. வெளியே வந்தவன் திரும்பிப் போகவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் வீட்டம்மாவிடம் கம்பெனிக்காரர்கள் போய், கவனக்குறைவு என்றார்கள். அந்த அம்மா அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பத்தொன்பது வருஷம் விரல்ல ஒரு கீறல் இல்லாம வீட்டுக்கு வந்தவரு. அந்த ஒரு ராத்திரி மட்டும் எப்படிங்க கவனம் கொறையும்?" பதில் ரிஜிஸ்தரில் இருந்தது. மூன்று தாளில்.

அந்த மூன்று தாளும் மாற வேண்டும். இங்கேதான் கேண்டீனுடைய அத்தான் வருகிறார்.

கேண்டீனின் அக்கா வீட்டுக்காரர். எங்கள் கம்பெனியில் ஆபீஸ் வேலை. பேனாப் பைத்தியம். வீட்டில் நாற்பது ஐம்பது பேனா வைத்திருப்பார். அதனால் பேனா அத்தான். அவரிடம் ஒரு வித்தை உண்டு. யாருடைய எழுத்தையும் பார்த்து அப்படியே எழுதுவார். கல்யாண வீட்டில், பிறந்தநாளில் எல்லாம் வேடிக்கைக்காகச் செய்து கைதட்டு வாங்குவார். இஸ்திரிக்கு இது தெரியும். கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

ரிஜிஸ்தர் தையல் போட்ட புத்தகம். மூன்று தாளை உருவிவிட்டு, அதே அச்சில் வந்த புதுப் புத்தகத்திலிருந்து மூன்று தாளைக் கோத்துவிடலாம். தாள் பிரச்சினை இல்லை. கைதான் பிரச்சினை. நமக்கெல்லாம் கீழே இழுக்கிற கோடு தடிக்கும். அண்ணனுக்குப் பக்கவாட்டில் தள்ளுகிற கோடு தடிக்கும். சாதாரண நிப்பில் அது வராது. அத்தான் தன் நாற்பது ஐம்பது பேனாவிலும் எழுதிப் பார்த்தார். வரவில்லை. அண்ணனுடைய பேனா என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. போலீஸ் திருப்பிக் கொடுத்த சாமான்களில் அது இல்லை.

அதனால் கடை கடையாகக் கிளம்பினார். கையில் அண்ணன் எழுதிய ஒரு தாள், வெறும் தகட்டு எண்ணிக்கை மட்டும் இருக்கிற தாள். 'இப்படி எழுதுற நிப் வேணும்.'

"பேனாக் கடைக்கெல்லாம் இப்ப யாருடா போறாங்க?" என்றான் ஃபோர்க்லிஃப்ட்.

"உன்னை மாதிரிக் கைநாட்டு போக மாட்டான்."

பேனாக் கடை என்றதும் ஒட்டடை, தூசி, இருமுகிற கிழவர் என்று நினைக்க வேண்டாம். முதல் கடையில் நிற்க இடமில்லை. வக்கீல்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், அவர்களை இழுத்துக்கொண்டு வந்த அம்மாக்கள். கல்லாவில் இருந்த அம்மா கண்ணாடி லென்ஸைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "இது நொட்டாங்கைக்காரர் எழுத்து. எங்ககிட்ட இல்ல. நகருங்க, பின்னால ஆள் நிக்குது."

இரண்டாவது கடை, அண்ணன் தம்பி இரண்டு பேர். தம்பி, "நிப்பே சாய்வா வெட்டினது" என்றான். அண்ணன்காரன், "போடா, வெட்டினது இல்ல, கையால தேய்ச்சது. இந்த ஓரத்தைப் பாரு" என்றான். அத்தானை மறந்துவிட்டு அவர்களுக்குள் சண்டை. அரை மணி நேரம் கழித்து அண்ணன்காரன் வாசலைக் காட்டினான். "பின் சந்து. கடைசிக் கடை. இப்படித் தேய்க்கிறவர் அவர் ஒருத்தர்தான்."

அப்போதுதான் மத்தியானம் இரண்டேகால் மணி.

சந்தில் எல்லாக் கடையும் ஷட்டரை இறக்கிப் பூட்டியிருந்தது. சாப்பாட்டு நேரம். வெயில் தரையில் விழுந்து கண்ணில் அடித்தது. நிழல் காலடியில் ஒரு கையகலம். கடைசியில் ஒரே ஒரு கடை பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து கிர்ர்ர்… என்று ஒரு சின்னச் சக்கரம் சுற்றுகிற சத்தம். சூடான ரப்பர் வாசனை.

கடைக்காரர் தடித்த ஆள். நெற்றியில் லென்ஸைக் கட்டியிருந்தார். தாளைப் பார்த்தார். ஒரு பேனாவை எடுத்து, நிப்பைச் சக்கரத்தில் இரண்டு தொடுதல் தொட்டு, மையில் முக்கி, எழுதிப் பார்க்கிற நோட்டை முன்னால் தள்ளினார்.

"எழுதுங்க."

அத்தான் எழுதினார். வலது கை. சர்… சர்… என்று நிப் தாளைக் கீறியது. கடைக்காரர் தாளைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார். அவருடைய தொழில் அப்படி.

"இது உங்க கை இல்லையே."

"என் தம்பிக்கு அண்ணே."

"எழுதுறவர் வராம நான் நிப் தேய்க்கிறதில்ல. செருப்பு மாதிரிதான் சார். அடுத்தவன் காலுக்கு நீங்க எப்படி அளவு கொடுப்பீங்க?"

"அவனால வர முடியாது. உடம்பு சரியில்ல."

கடைக்காரர் லென்ஸை மேலே தூக்கினார். அத்தானின் தோளுக்குப் பின்னால் பார்த்தார். முகத்தில் எரிச்சல்.

"உடம்பு சரியில்லாத மனுஷனை எதுக்கு வெயில்ல நிக்க வெச்சிருக்கீங்க? உள்ள வரச் சொல்லுங்க."

அத்தான் திரும்பிப் பார்த்தார். சந்து. வெயில். பூட்டிய கதவுகள்…

யாரும் இல்லை.

மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார். நோட்டு அவர் முன்னால் இல்லை. கொஞ்சம் இடப்பக்கம் தள்ளியிருந்தது. கீழே வைத்த பேனாவையும் காணோம். கடைக்காரர் குனிந்து அந்த நோட்டுக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண் இடமிருந்து வலமாக நகர்ந்தது. நின்றது. மறுபடி இடமிருந்து வலமாக.

"ம்… அப்படித்தான். இன்னும் ஒரு வரி எழுதுங்க தம்பி."

கீறல் சத்தம் இல்லை. தண்ணீரில் எண்ணெய் போகிற மாதிரி ஒரு சத்தம்… சத்தம்கூட இல்லை. வெள்ளைத் தாளில் ஒவ்வோர் எழுத்தாக நீலம் வந்தது. எழுத்து முடிந்த இடத்தில், அதன் மேலேயே ஈரமாக ஓர் இழுப்பு. பக்கத்தில் மிஷின் எண்ணெய் வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாசனை. அத்தான் ஆபீஸ்காரர். அன்று ராத்திரி அவர் அங்கே இல்லை. அவருக்கு அது என்ன என்று தெரியவில்லை. கேண்டீன் இதைச் சொன்னபோது எனக்குத் தெரிந்தது.

"நிறுத்துடா" என்றான் தாத்தா.

"ஏன்? உனக்குத் தெரியும்ல அந்த வாசனை? நீதான தரையைக் கழுவின?"

தாத்தா தலையைக் குனிந்துகொண்டான். நான் நிறுத்தவில்லை.

கடைக்காரர் பேனாவை வாங்கி இன்னும் ஒரு தொடுதல் தொட்டார். காற்றை நோக்கி நீட்டினார். யாரோ வாங்கிக்கொண்டார்கள். "இப்ப எப்படி?" என்று கேட்டார். பதில் வந்திருக்க வேண்டும், தலையாட்டினார். பிறகு பேனாவை மூடி அத்தானின் சட்டைப் பையில் செருகினார்.

"இனிமே அவருக்குச் சரியா இருக்கும். வேற யாரும் எழுதாதீங்க. கை மாறினா கெட்டுடும்." குரலைத் தாழ்த்தினார். "ஏன் சார், இடது கை முழுக்க இவ்வளவு பெரிய கட்டு… துணியில ஊறி வெளிய வருது. அந்தக் கையோட எழுதுறாரு. மொதல்ல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க சார். அறிவு இருக்கா உங்களுக்கு?"

நோட்டில் இரண்டு வரி. இரண்டும் ஒரே வரி.

'கார்டு இல்லை. சொல்லியாயிற்று.'

அத்தான் எப்படி வீட்டுக்கு வந்தார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. இத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். செத்தவனைப் பார்த்துப் பயந்ததைவிட இஸ்திரியைப் பார்த்து அதிகம் பயந்தார். மறுநாள் சாயங்காலம் ஆபீஸில், ரிஜிஸ்தர் அறையில் உட்கார்ந்தார். இஸ்திரி எதிரே நின்றார். அத்தான் வலது கையால் எழுதினார், கீறியது. இடது கைக்கு மாற்றினார். வாழ்க்கையில் இடது கையால் ஒரு எழுத்து எழுதாத மனுஷன். வழுக்கிக்கொண்டு போனது. 'கார்டு சரியாக உள்ளது.' மூன்று தாள். அந்த வார்த்தைகளைத்தான் எழுதினார், அம்மா மேல் சத்தியம் பண்ணுகிறார். எழுதி முடித்து, நிமிர்ந்து, படித்துப் பார்த்தால்…

கார்டு இல்லை. சொல்லியாயிற்று.
கார்டு இல்லை. சொல்லியாயிற்று.
கார்டு இல்லை. சொல்லியாயிற்று.

கிழித்துப் போட்டு மறுபடி எழுதினார். அதே. ஒன்பது தாள் போயிற்று. இஸ்திரிக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "விளையாடுறியாடா என்கிட்ட?" என்று பேனாவைப் பிடுங்கி அவரே எழுதினார். அவர் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஆனால் தாளில் விழுந்தது அவர் எழுத்து இல்லை. முத்து முத்தாக, மேலே நீல இழுப்போடு. அதே வரி.

இஸ்திரி பேனாவை ஜன்னல் வழியாகச் சாக்கடையில் வீசினார். அன்றைக்கே ரிஜிஸ்தரை எரித்தார்கள். மழைத் தண்ணீர் பட்டு வீணாகிவிட்டது என்று எழுதி வைத்தார்கள்.

"இப்பப் புரியுதா?" என்றேன் இரண்டு பேரிடமும். "ரிஜிஸ்தர் போச்சு. பொய் எழுத அவனுங்களுக்குக் கை கிடைக்கல. அதனாலதான் உங்க கையைத் தேடி வந்திருக்கானுங்க. நாளைக்கு நீங்க போடுற ரெண்டு கையெழுத்துதான், அந்த மனுஷன் கவனம் கெட்டவன்னு முடிவு பண்ணப் போகுது. அந்த அம்மாவுக்கு நீங்கதான் பதில் சொல்லப் போறீங்க."

ஃபோர்க்லிஃப்ட் கேண்டீனைப் பார்த்தான். "இவன் அளக்குறான்தான?"

கேண்டீன் தன் இடது கையைத் திருப்பி ஓரத்தைத் தொட்டுக் காட்டினான். "அத்தானுக்கு இடது உள்ளங்கை ஓரம் நீலமா இருக்குடா" என்றான். "அக்கா சோப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்ச்சுப் பார்த்துட்டா. தோல்தான் உரியுது. வேலைக்குப் போறதில்ல. கையைப் போர்வைக்குள்ள வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்."

"ஏதாவது தோல் வியாதியா இருக்கும்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றேன். "அதான் இன்னிக்கு நானே அந்தக் கடைக்குப் போனேன்."

உண்மையில் போயிருந்தேன். அதே மத்தியான நேரம், அதே சந்து. கடைக்காரருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "அந்த நொட்டாங்கைத் தம்பிதான? காலையிலகூட வந்தாரே. கையில இன்னும் அந்தக் கட்டோடதான் திரியிறாரு. ஒரு பாட்டில் நீல மை எடுத்துக்கிட்டுப் போனாரு. ஒரு பாட்டிலா, எதுக்குன்னு கேட்டேன். ராத்திரி கொஞ்சம் எழுத வேண்டியிருக்குன்னாரு."

சொல்லி நிறுத்தினேன். டக்… டக்… டக்…

ஃபோர்க்லிஃப்ட் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "போடா… நீயும் உன் பேயும். நாளைக்கு நான் கையெழுத்துப் போடக் கூடாது, அவ்வளவுதான? அதுக்கு இவ்வளவு கதையா?"

"போடு, போடாதே. உன் இஷ்டம். எனக்குச் சொல்லத் தோணுச்சு, சொல்லிட்டேன்."

"போடுவேன்டா. எனக்குக் குடும்பம் இருக்கு. இங்கேயே போடுறேன், உன் கண்ணு முன்னாலயே. பேனா இருக்கா?"

சட்டைப்பைப் பட்டனைக் கழற்றினான். தாளை எடுத்தான். கோபத்தில் உதறி விரித்தான்.

பிறகு அசையவில்லை.

தாத்தா அவனைப் பார்த்தான். தாளைப் பார்த்தான். அவசரமாகத் தன் பைக்குள் கைவிட்டுத் தன்னுடையதை எடுத்தான். விரித்தான்.

இரண்டு தாளிலும் கையெழுத்துக் கோட்டின் மேல் அதே வரி. முத்து முத்தாக. மேலே நீளமாக ஒரு நீல இழுப்பு, தாளின் ஓரம் வரை. கையெழுத்துப் போட இடம் மிச்சமில்லை. ஃபோர்க்லிஃப்டின் கட்டைவிரல் பட்ட இடத்தில் மை ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னும் காயவில்லை.

மூன்று பேரும் மெதுவாக என்னைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன்டா பார்க்குறீங்க?" என்றேன். "நான் சோத்தாங்கைக்காரன்."